மீன் மாமாவிடம் கேளுங்கள்: ஆஸ்பத்திரியில் ஆறடித் தொட்டி

சென்னைப் பக்கம் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில், ஓ.பி. சீட்டு வாங்கியவர்கள் உட்கார்ந்து காத்திருக்கும் கூடத்தில், எங்கள் மீன் வளர்ப்புக் குழு ஆறடி நீளத்தில் ஒரு தொட்டி வைத்துக் கொடுத்து மூன்று வருடம் ஆகிறது. போன இதழில் அதைப் பற்றிப் போகிற போக்கில் நான்கு வரி எழுதினேன். அந்த நான்கு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவே இல்லை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடத்தில் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். பெயர்களை விட்டுவிட்டேன், ஊர் மட்டும் இருக்கிறது.

கேள்வி: நாங்கள் நண்பர்கள் ஏழு பேர், எல்லோர் வீட்டிலும் கலர் மீன் உண்டு. எங்கள் ஊர் மருத்துவமனையில் குழந்தைகள் வார்டுக்குள் பெரிய தொட்டி வைத்துத் தர ஆசை. முதலில் தொட்டி வாங்குவதா, அனுமதி வாங்குவதா? (சேலம்)

பதில்: முதலில் தரையைப் பாருங்கள்.

வீட்டில் இரண்டடித் தொட்டி வைத்துப் பழகியவர்களுக்குப் பெரிய தொட்டியின் எடை புரியவே புரியாது, எங்களுக்கும் புரியவில்லை. ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்றால் விளிம்பு வரை கிட்டத்தட்ட 680 லிட்டர் தண்ணீர். அதாவது 20 லிட்டர் தண்ணீர்க் கேன் 34. தண்ணீர் மட்டும் 680 கிலோ. 12 மில்லிமீட்டர் கண்ணாடி என்றால் காலித் தொட்டியே 120 கிலோவுக்கு மேல். அப்புறம் மணல், கல், இரும்பு ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் ஒரு சின்ன காரைத் தூக்கி நிறுத்தி வைக்கிற மாதிரி. அதுவும் கார் போலப் பரவலாக இல்லாமல் பன்னிரண்டு சதுர அடிக்குள் மொத்தமும் இறங்கும்.

இந்தியக் கட்டுமானத் தரவிதிகளின்படி மருத்துவமனை வார்டுத் தரைக்குப் போடும் கணக்கு, சதுர மீட்டருக்கு 200 கிலோவை ஒட்டியது. நடைபாதை, கூடம் என்றால் 400 கிலோ. நம் தொட்டி சதுர மீட்டருக்கு 800 கிலோவைத் தாண்டும். வைத்தவுடன் தரை இடிந்து விழுந்துவிடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை, சுற்றியுள்ள தரை காலியாக இருப்பதால் பாரம் பிரிந்து போகும், தூணை ஒட்டியோ உத்தரத்துக்கு மேலேயோ வைத்தால் தாங்கும். ஆனால் அதை நீங்களும் நானும் முடிவு செய்யக் கூடாது. அரசு மருத்துவமனை என்றால் பொதுப்பணித் துறைப் பொறியாளர் வந்து பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும், தனியார் என்றால் கட்டடம் கட்டியவர். எங்கள் அனுபவத்தில் தரைத்தளத்தில் வைப்பதுதான் தலைவலி இல்லாத வழி. முதல் மாடிக்கு ஆசைப்படாதீர்கள்.

அடுத்தது வார்டு. வார்டுக்குள் வேண்டாம் என்று நான் சொன்னால் உங்கள் முகம் வாடும் என்று தெரியும், ஏனென்றால் படுக்கையில் கிடக்கிற குழந்தைக்குத்தானே காட்ட நினைக்கிறோம். ஆனால் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2003-இல் வெளியிட்ட மருத்துவமனைச் சுற்றுச்சூழல் வழிகாட்டி, அலங்கார நீரூற்றையும் மீன் தொட்டியையும் நோயாளிகளுக்குச் சிகிச்சை நடக்கும் இடத்தில் வைப்பதைத் தவிர்க்கச் சொல்கிறது. காரணம் அடுத்த பதிலில் வருகிறது. காத்திருக்கும் கூடம், நுழைவாயில், மருந்தகத்துக்கு எதிர்ச் சுவர் என்று இடம் தேடுங்கள். அங்கேதான் குழந்தைகள் அதிக நேரம் அழுகிறார்கள் என்பதும் ஒரு விஷயம்.

இடம் முடிவான பிறகு அனுமதி. மருத்துவமனை நிர்வாகத்திடம் கடிதம் கொடுக்கும்போது தொற்றுத் தடுப்புக் குழுவிடமும் தனியாக உட்கார்ந்து பேசிவிடுங்கள். எங்களுக்கு டீனைவிட அந்தக் குழுவில் இருந்த நர்ஸ் அக்காதான் பெரிய ஆள். தண்ணீர் எங்கே பிடிப்பீர்கள், அழுக்குத் தண்ணீர் எங்கே கொட்டுவீர்கள், வாளி யாருடையது, அதை வேறு எதற்காவது எடுப்பீர்களா, மேல் மூடிக்குப் பூட்டு உண்டா என்று ஒன்றரை மணி நேரம் குடைந்தார். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. இன்றைக்கு எங்கள் வேலை முறையில் பாதி அவர் கேள்விகளில் இருந்து வந்ததுதான்.

தொட்டி வாங்குவது கடைசி. அதற்கு முன்னால் இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு போய் வாசல், திருப்பம், சாய்தளம் எல்லாவற்றையும் அளந்துவிடுங்கள். எங்கள் தொட்டியை எட்டுப் பேர் தூக்கிக்கொண்டு போய், கூடத்தின் கதவுக்கு முன்னால் நின்று, ஸ்ட்ரெச்சர் போக வழி விட்டு வழி விட்டு இருபது நிமிடம் கையில் பிடித்துக்கொண்டே நின்றோம். ஒரு பாதிக் கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்துத் திறக்கவில்லை. அதை யாரும் அளக்கவில்லை.

கேள்வி: என் மகனுக்கு ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை நடக்கிறது. ஆறு வயது. நாங்கள் போகிற மருத்துவமனையில் மீன் தொட்டி இருக்கிறது, அவன் அதன் முன்னால் இருந்து நகரவே மாட்டேன் என்கிறான். பயமாக இருக்கிறது. பார்க்க விடலாமா? (பெயரும் ஊரும் வேண்டாம் என்றார்)

பதில்: அம்மா, நான் டாக்டர் இல்லை, மீன் வளர்ப்பவன். உங்கள் மகனின் டாக்டர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. குறிப்பாக வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் கூட்டமான கூடத்தில் நிற்பதே சரியா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மூடியிட்ட தொட்டியைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பது வேறு, அந்தத் தண்ணீரைத் தொடுவது வேறு. பிரச்சினை தண்ணீரில் இருக்கிறது. மீன் தண்ணீரில் மைக்கோபாக்டீரியம் மரினம் என்று ஒரு கிருமி இருக்கும், காசநோய்க் கிருமிக்குப் பங்காளி முறை. கையில் சின்னக் கீறல் இருக்கும்போது தொட்டிக்குள் கைவிட்டால் உள்ளே போய் விரலில் ஆறாத கட்டியாக நிற்கும். எங்கள் குழுவிலேயே ஒருவருக்கு வந்து, பூஞ்சை என்று களிம்பு போட்டு, யூரிக் ஆசிட் என்று மாத்திரை சாப்பிட்டு, கடைசியில் ஒரு தோல் டாக்டர் "நீங்க மீன் வளர்க்கிறீங்களா?" என்று கேட்ட பிறகுதான் விஷயம் பிடிபட்டது. மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டார். நல்ல ஆரோக்கியமானவருக்கே இப்படி என்றால் எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தையின் கையை அதில் விடவே கூடாது. ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் என்று இன்னும் சில கிருமிகளும் அந்தத் தண்ணீரில் உண்டு. தண்ணீர் தெறித்துத் திவலையாகப் பறக்கவும் கூடாது, அதனால்தான் எங்கள் தொட்டியில் மேலே நீர்வீழ்ச்சி மாதிரி கொட்டுகிற ஃபில்டர் வைக்கவில்லை.

எங்கள் தொட்டிக்கு மேல் மூடியும் பூட்டும் உண்டு, சாவி எங்களிடமும் செக்யூரிட்டி மேசையிலும் மட்டும். தண்ணீர் மாற்றும் வேலை ஓ.பி. முடிந்து கூடம் காலியான பிறகுதான். உங்கள் மருத்துவமனையில் எப்படி என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள். மூடி இல்லாமல் திறந்து கிடந்தால் தயங்காமல் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. பார்த்துவிட்டு வந்ததும் கை கழுவ வையுங்கள், ஏனென்றால் அந்தக் கண்ணாடியை அவனுக்கு முன்னால் ஐம்பது குழந்தைகள் நக்கியிருப்பார்கள். மிகைப்படுத்தவில்லை, ஒவ்வொரு வாரமும் துடைப்பவன் நான்.

கேள்வி: மீன் பார்த்தால் மனம் அமைதியாகும் என்பதெல்லாம் உண்மையா, கடைக்காரர்கள் கிளப்பிவிட்டதா? (மதுரை)

பதில்: ஆராய்ச்சி நடந்திருக்கிறது. 1984-இல் வெளியான ஓர் ஆய்வில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆரன் கேச்சரும் அவருடன் இருந்தவர்களும், பல் அறுவைக்கு வந்தவர்களைச் சிகிச்சைக்கு முன்னால் மீன் தொட்டியைப் பார்க்கச் செய்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு ஒரு படத்தைக் காட்டினார்கள், சிலருக்கு ஹிப்னாடிசமும் செய்தார்கள். படம் பார்த்தவர்களைவிட மீன் பார்த்தவர்கள் நிதானமாக இருந்தார்கள், மீனுக்கு மேல் ஹிப்னாடிசத்தைச் சேர்த்ததால் கூடுதலாகப் பலன் இல்லை. 2015-இல் வெளியான இன்னோர் ஆய்வுக்காக, இங்கிலாந்தின் பிளிமத் மீன் காட்சியகத்தில் ஒரு பெரிய தொட்டியைக் காலி செய்து திரும்ப நிரப்பும்போது, எக்ஸிடர் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து பார்வையாளர்களின் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் அளந்தார்கள். மீனே இல்லாத, வெறும் தண்ணீரும் பாறையுமாக இருந்த தொட்டியைப் பார்த்தபோதே இரண்டும் இறங்கின. மீன் கூடக்கூட ஜனங்கள் அதிக நேரம் நின்று பார்த்தார்கள்.

இரண்டுமே பெரியவர்களை வைத்துச் செய்தவை. குழந்தைகளுக்கு அமைதி வருகிறதா என்று என்னைக் கேட்டால், அமைதி எல்லாம் வரவில்லை, கூச்சல்தான் வருகிறது! ஆனால் அது வேறு கூச்சல். ஊசிக்குப் பயந்து அழுகிற கூச்சல் ஒன்று, "அதோ அதோ, கல்லுக்குப் பின்னாடி" என்கிற கூச்சல் ஒன்று. கையில் ஊசிக் குழாய் செருகி அட்டை வைத்துக் கட்டிய ஒரு மூன்று வயதுக் குழந்தை, கட்டாத கையின் ஒற்றை விரலால் ஏஞ்சல் மீன் போகிற வழியைக் கண்ணாடியில் கோடு இழுத்துக்கொண்டே போனதைப் பார்த்தேன். அப்பா கையில் மருந்துச் சீட்டுடன் பக்கத்தில் நின்றிருந்தார், அவர் தோள் கீழே இறங்கியதும் எனக்குத் தெரிந்தது. இதற்கு என்ன பெயர் வைப்பது என்று ஆராய்ச்சியாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

கேள்வி: ஸ்டாண்டு எவ்வளவு உயரம்? (ஈரோடு)

பதில்: நல்ல கேள்வி. வீட்டுப் பழக்கத்தில் மூன்றடியில் செய்துவிட்டோம். வைத்து முடித்துத் தள்ளி நின்று ரசித்தால், பெரியவர்களுக்கு மீன், குழந்தைகளுக்குப் பலகை. சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெண் குழந்தைக்குத் தொட்டியின் அடிமணல்தான் கண்ணுக்கு நேராக இருந்தது. தண்ணீரை எல்லாம் இறக்கி, வெல்டரைக் கூப்பிட்டு ஓரடி வெட்டினோம். கண்ணாடியின் அடி விளிம்பு தரையில் இருந்து இரண்டடியில் இருந்தால் தவழ்ந்து நிற்கப் பழகும் குழந்தை முதல் எல்லோருக்கும் தெரியும். ஸ்டாண்டு வைத்ததும் ரசமட்டம் வைத்து நான்கு பக்கமும் பாருங்கள், ஆஸ்பத்திரித் தரை கழுவி விடுவதற்காக வாட்டம் வைத்துப் போட்டிருப்பார்கள். கண்ணாடிக்கு அடியில் தெர்மாகோல் அட்டை கட்டாயம். சிலிகான் காய்ந்த பிறகு இரண்டு மூன்று நாள் தண்ணீர் நிரப்பி ஒழுகுகிறதா என்று பார்ப்பதைக் கடையிலேயே முடித்துவிடுங்கள், ஆஸ்பத்திரிக் கூடத்தில் வேண்டாம்.

கேள்வி: உங்கள் தொட்டியில் ஆரம்பத்தில் நிறைய மீன் செத்துப்போனதாகக் கேள்விப்பட்டோம். என்ன தவறு? (காஞ்சிபுரம்)

பதில்: யார் சொன்னது என்று தெரியும், பரவாயில்லை. தவறு எங்களுடையதுதான்.

திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார்கள். பந்தல், மாலை, ரிப்பன் எல்லாம் தயார். தொட்டியில் தண்ணீர் நிரப்பிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. மீன் வளர்க்கிறவன் ஒவ்வொருவனுக்கும் தெரியும், புதுத் தொட்டி பக்குவப்பட நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும். மீனின் கழிவில் இருந்து வருவது அம்மோனியா, பெரும்பகுதி செவுள் வழியாகவே வெளியே வரும். அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம்தான், மீனின் ரத்தத்தைப் பழுப்பாக்கி மூச்சுக்காற்றைச் சுமக்க விடாது. இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றிய பிறகுதான் நிம்மதி, நைட்ரேட்டை வாராவாரம் தண்ணீர் மாற்றி வெளியேற்றிவிடலாம். இந்த இரண்டு பாக்டீரியாக் கூட்டமும் ஃபில்டர் பஞ்சிலும் மணலிலும் குடியேறிப் பெருகுவதற்குத்தான் அந்த ஆறு வாரம். தயிருக்கு உறை ஊற்றிவிட்டு அரை மணியில் கவிழ்த்துப் பார்த்தால் என்ன இருக்கும்?

தெரிந்தும் செய்தோம். வெறும் தொட்டியைத் திறந்து வைக்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. நாற்பது மீன் விட்டோம். விழா அன்று எல்லாம் ஜம்மென்று நீந்தின, போட்டோ பிரமாதமாக வந்தது. ஆறாம் நாள் காலை செக்யூரிட்டி அண்ணன் போன் செய்து, "சார், மீன் எல்லாம் மேல வந்து வாயை வாயைத் தொறக்குது, பசிக்குது போல, கொஞ்சம் சாப்பாடு போடட்டுமா?" என்றார். பசி இல்லை, மூச்சுத் திணறல். ஓடிப்போய்ப் பாதித் தண்ணீரை மாற்றினோம். நம் போர் தண்ணீர் காரத்தன்மை உள்ளது, வெயிலும் சேர்ந்தால் அதே அளவு அம்மோனியாவின் விஷம் இன்னும் கூடும். மூன்று நாளில் பதினொரு மீன் போய்விட்டது.

காப்பாற்றியது பழைய தொட்டிகள்தான். குழுவில் நான்கு பேர் தங்கள் வீட்டுத் தொட்டியில் ஊறிக் கிடந்த அழுக்குப் பஞ்சை அப்படியே ஈரத்துடன் பாலித்தீன் பையில் போட்டுக் கொண்டுவந்து இங்கே ஃபில்டரில் செருகினார்கள். அது உறைமோர் மாதிரி. நோய் இல்லாத தொட்டியில் இருந்துதான் எடுக்க வேண்டும். அதை முதல் நாளே செய்திருக்கலாம்.

உங்களுக்கு விழா நடத்தியே ஆக வேண்டுமென்றால் ஏழாவது வாரத்தில் நடத்துங்கள்.

கேள்வி: என்ன மீன் விடலாம்? குழந்தைகள் நீமோ கேட்பார்களே? (விழுப்புரம்)

பதில்: கேட்பார்கள். கிடையாது என்று சொல்லிவிடுங்கள். நீமோ என்று கடையில் சொல்கிற கிளவுன் மீன் உப்புத் தண்ணீர் மீன். உப்புத் தொட்டியை நாலு தன்னார்வலர்கள் வாரம் ஒரு முறை வந்து பார்த்துக்கொள்வது நடக்காத காரியம். அதோடு உயிருள்ள பவளம், கடல் குதிரை என்று யாராவது ஆசை காட்டினால் விலகிவிடுங்கள். இரண்டும் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன, ஆஸ்பத்திரிக்குள் கேஸ் வந்து நிற்கும்.

உங்கள் ஊர்த் தண்ணீரைச் சோதித்துவிட்டு, அந்தத் தண்ணீருக்கு ஏற்ற மீனாகப் பாருங்கள், மீனுக்காகத் தண்ணீரை மாற்றப் போகாதீர்கள். எங்களுக்கு உப்புச் சுவை அடிக்கிற கடின நீர். அதில் டிஸ்கஸ் விட்டால் பணம் தண்ணீரோடு போகும், மோலியும் பிளாட்டியும் ரெயின்போவும் கல்யாண வீடு மாதிரி இருக்கும். நாங்கள் கொளத்தூர்க்காரர்களுக்குத்தான் கடமைப்பட்டிருக்கிறோம். சென்னையின் வடமேற்கே அந்தப் பகுதியில் வீட்டு மொட்டை மாடியிலும் சிமென்ட் தொட்டியிலும் கலர் மீன் பொரித்து வளர்ப்பவர்கள் நிறைய. அங்கேயே பிறந்து வளர்ந்த மீன் நம் தண்ணீருக்கும் சூட்டுக்கும் பழகியிருக்கும், ஹீட்டர் எல்லாம் தேவையே இல்லை. கருப்பு மோலி, ஆரஞ்சு பிளாட்டி, வெள்ளி ஏஞ்சல் என்று தூரத்தில் இருந்தே பிரித்துச் சொல்லக்கூடிய நிறமாக எடுங்கள், குழந்தைகளுக்கு எண்ண வேண்டும். மோலி குட்டி போடும். அந்தக் குட்டியில் பலவற்றை ஏஞ்சல் தின்னும். "மீன் குட்டியை மீனே தின்னுது" என்று ஒரு குழந்தை கத்தினால் என்ன பதில் சொல்வது என்று இப்போதே யோசித்து வையுங்கள், நாங்கள் அடர்த்தியாகச் செடி வைத்துவிட்டு "ஒளிஞ்சுக்கும்" என்று சொல்லிச் சமாளிக்கிறோம்.

நன்கொடை தந்த ஒருவர் வாஸ்துவுக்கு அரோவானா விடச் சொன்னார். கைக்கு அடங்கும் குட்டியாக வாங்கினால் இரண்டு மூன்றடிக்கு வளர்ந்து மற்ற மீன் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டுத் தனியாக உலாவும். பிளவர்ஹார்ன் என்றார் அடுத்து. அது மனிதர்கள் கலப்பினமாக உருவாக்கிய மீன், கூட ஒரு மீனையும் உயிரோடு விடாது. வாஸ்துவுக்கு வாசலில் மாவிலை கட்டுங்கள் என்று பணிவாகச் சொன்னோம், சிரித்துவிட்டார்.

கேள்வி: ஆமை விடலாமா? (கடலூர்)

பதில்: கூடாது. ஆமையின் மேல் சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கும். குழந்தைகள் வாயில் வைத்து நோய் வாங்குகிறார்கள் என்றுதான் அமெரிக்காவில் நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்க 1975-இலேயே தடை போட்டார்கள். ஆஸ்பத்திரியில் பேச்சுக்கே இடமில்லை.

கேள்வி: தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சக்கர் மீன் விட்டோம், ஒன்றரை அடிக்கு வளர்ந்துவிட்டது. ஏரியில் விட்டுவிடலாமா? (ஆவடி)

பதில்: விடாதீர்கள்! தென் அமெரிக்க மீன் அது, முள்ளும் ஓடுமாக இருப்பதால் நம் ஏரியில் அதைத் தின்ன ஆளில்லை, வலை போடுகிறவர்களின் வலையைக் கிழிக்கிறது. வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: மாதம் எவ்வளவு செலவாகும்? கரண்ட் பில்லை ஆஸ்பத்திரி ஏற்குமா? (திருச்சி)

பதில்: கரண்ட் பெரிய தொகை இல்லை. ஃபில்டரும் ஏர் பம்ப்பும் சேர்ந்து 50 வாட், 24 மணி நேரம். விளக்கு 40 வாட், பத்து மணி நேரம். ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே, மாதம் ஐம்பது யூனிட்டுக்குள். இதை எழுதிக் காட்டினால் எந்த நிர்வாகமும் ஒத்துக்கொள்ளும். ஆனால் ஜெனரேட்டர் லைனில் இருந்து ஒரு பிளக் பாயின்ட் கேட்டு வாங்குங்கள். ஃபில்டர் பல மணி நேரம் நின்றால் உள்ளே இருக்கும் பாக்டீரியாவும் மூச்சு முட்டிச் சாகும். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கையிருப்பில் இருக்கட்டும். ஒயர் எல்லாம் பிளக்கைவிடத் தாழத் தொங்கி மேலே ஏறுகிற மாதிரி விடுங்கள், ஒயர் வழியாக இறங்கும் சொட்டு கீழேயே விழும். மின்கசிவைத் துண்டிக்கும் டிரிப்பர் இல்லாத இடத்தில் தொட்டியே வேண்டாம்.

செலவு அதில் இல்லை. ஆளில் இருக்கிறது.

திறப்பு விழா போட்டோவில் எங்கள் குழுவினர் பதினாறு பேர் நிற்கிறோம். இப்போது ஞாயிறு தவறாமல் வருவது ஐந்து பேர். மற்றவர்களைக் குறை சொல்லவில்லை, ஒருவர் துபாய் போனார், இருவருக்குக் குழந்தை பிறந்தது, ஒருவர் மீனை விட்டுப் புறா வளர்க்கப் போய்விட்டார். வாரம் கால்பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும், அதாவது 160 லிட்டர் இறக்கி, குளோரின் நீக்கிய 160 லிட்டர் ஏற்ற வேண்டும், கண்ணாடியில் பாசி சுரண்ட வேண்டும், மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை பஞ்சை அதே தொட்டித் தண்ணீரில் அலச வேண்டும். இரண்டு பேருக்கு இரண்டு மணி நேரம். தீபாவளி, பொங்கல், வீட்டில் விசேஷம், மழை எல்லாம் மீனுக்குத் தெரியாது. நன்கொடை கேட்டுப் போனால் தொட்டிக்கு உடனே தருகிறார்கள், மேலே பெயர் எழுதலாம் அல்லவா. பஞ்சுக்குத் தருவதற்கு யாரும் இல்லை. ஆகவே சேலத்து நண்பர்களே, ஏழு பேரில் யார் எந்த வாரம் என்று ஒரு வருடத்துக்குத் தாளில் எழுதிப் பாருங்கள். எழுதும்போதே சண்டை வந்தால் நான்கடித் தொட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆஸ்பத்திரி ஊழியர்கள் ஒத்துழைக்கிறார்களா? (வேலூர்)

பதில்: அளவுக்கு மேல். முதல் மாதம் காலை ஷிப்டு ஒருவர், மதியம் ஒருவர், ராத்திரி ஒருவர் என்று ஆளாளுக்குத் தீனி போட்டார்கள், யாருக்கும் யாரும் சொல்லவில்லை. வந்தவர்கள் கோயில் குளத்தில் பொரி போடுகிற பக்தியில் மூடி இடுக்கு வழியே பிஸ்கட்டைப் பொடித்துப் போட்டார்கள். அதனால்தான் பூட்டு. இப்போது ஏழு சின்ன டப்பாவில் ஒவ்வொரு நாளுக்கான தீனியை அளந்து, கிழமை எழுதி வைத்துவிடுகிறோம். டப்பா காலி என்றால் இன்றைக்குப் போட்டாகிவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத ஆயா அம்மாவுக்காகக் கிழமைக்கு ஒரு கலர்.

இன்னொன்று, கொசு மருந்துப் புகை. அதில் இருக்கிற மருந்து மீனுக்குப் பரம விஷம், ஏர் பம்ப் அந்தக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள்ளேயே விட்டுவிடும். புகை போடும் நாளை முன்கூட்டியே சொல்லச் சொல்லி, அன்றைக்குப் பம்ப்பை நிறுத்தித் தொட்டியை ஈரத் துணியால் மூடி, ஒரு மணி நேரம் கழித்துத் திறக்கிறோம். பினாயில் துடைத்த கையோடு மூடியைத் தொடாதீர்கள் என்று சொல்லி வையுங்கள்.

கேள்வி: குழந்தைகள் கண்ணாடியைத் தட்டுவார்களே? (தாம்பரம்)

பதில்: தட்டுவார்கள். "தட்டாதே" என்று பலகை வைத்தோம், அதைப் பார்த்துத்தான் தட்டலாம் என்ற யோசனையே சிலருக்கு வந்தது. எடுத்துவிட்டோம். குழந்தைகள் பிடித்து நிற்க ஒரு மரக் கைப்பிடியை முன்னால் அரை அடி தள்ளிப் போட்டோம், பாதி குறைந்தது.

கேள்வி: ஒரு மீன் செத்தால் குழந்தைகளிடம் என்ன சொல்கிறீர்கள்? அதுவும் ஆஸ்பத்திரியில்... (புதுச்சேரி)

பதில்: முதலில் எல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. செக்யூரிட்டி அண்ணன் காலை ஆறரைக்கே டார்ச் அடித்துப் பார்த்துவிடுவார், மிதந்தால் சின்ன வலையால் எடுத்துக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டு எனக்குப் போன் செய்வார். ஓ.பி. திறப்பதற்குள் தடயம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை அதே நிறத்தில், அதே அளவில் ஒன்று, என் வீட்டில் ஒரு மாதமாகத் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த மீன், உள்ளே போகும். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு பையன் மாதம் இரண்டு முறை ரத்தம் ஏற்றிக்கொள்ள வருவான். ஏழு வயது இருக்கும். நான் துடைத்துக்கொண்டிருந்தேன், பக்கத்தில் வந்து நின்றான். "மீன் மாமா, இது வேற மீன்" என்றான். அதே மீன்தானே என்றேன். "இல்ல. அதுக்கு வால்ல ஒரு கிழிசல் இருந்துச்சு. இதுக்கு இல்ல." அவன் அம்மா என்னைப் பார்த்தார். நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஆமாம், அது செத்துப்போச்சு, இது புதுசு என்றேன். எப்படிச் செத்தது என்று கேட்டான், வயிறு வீங்கிப்போச்சு, மருந்து போட்டோம், கேட்கவில்லை என்றேன். வலிச்சிருக்குமா என்றான். தெரியவில்லை என்றேன். எங்கே போட்டீர்கள் என்றான். பின்பக்கம் வேப்பமரத்தடியில் என்று சொன்னேன், அது உண்மை. கொஞ்ச நேரம் புது மீனையே பார்த்தான், அப்புறம் மருந்தகத்தில் அவர்கள் டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள், போய்விட்டான்.

அதிலிருந்து கேட்கிறவர்களுக்கு உள்ளதைச் சொல்லிவிடுகிறோம். அடுத்த முறை அவன் வந்த அன்று நான் இல்லை. புது மீனுக்குப் பெயர் வைத்துவிட்டுப் போனான் என்று செக்யூரிட்டி அண்ணன் சொன்னார். என்ன பெயர் என்று கேட்டால் அவருக்கு மறந்துவிட்டது.